பன்னிரண்டாவது துண்டு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்; பிறகு என் கலையைப் பற்றிப் பேசினால் நீங்களும் அதற்குத் தகுந்த மரியாதையோடு கேட்பீர்கள். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த நான், கடலுக்குப் போகிற வலை எது, கழித்துப்போட்ட வலை எது என்று தெரியாமல், அக்கா வீட்டுக்காரரின் நல்ல நண்டு வலையைக் கத்திரிக்கோலால் பன்னிரண்டு துண்டாக வெட்டினேன். வெட்டும்போது பாட்டு வேறு பாடினேன்.

தாத்தா சங்கு குளித்தவர். அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் ஃபைல் தூக்கியவர். நான் மூன்றாம் தலைமுறை; எனக்கு நீச்சல் தெரியாது. வள்ளத்தில் ஏறினால் கரை மறைவதற்குள் வாந்தி. இருந்தும் கண்காட்சிக் குறிப்புகளில் எல்லாம் 'கடல் என் ரத்தத்தில் ஓடுகிறது' என்று எழுதிவிடுவேன். ரத்தத்தில் ஓடுகிறதோ என்னவோ, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

தொழில் இதுதான்: தோணிகளில் கழித்த பாய்த்துணியை வாங்கி, வெளிச்சம் பட்டால் நீலமாகிற ரசாயனத்தைப் பூசி, இருட்டறையில் காயவைப்பேன். அதன்மேல் ஒரு பொருளைப் பரப்பி மொட்டைமாடி வெயிலில் கால் மணி நேரம் விடுவேன். பிறகு தண்ணீரில் அலசினால், பொருள் இருந்த இடம் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் நீலமாகவும் நிற்கும். தூத்துக்குடி வெயில்தான் எனக்கு உதவியாள். லீவு போட்டதே இல்லை. தாத்தாவின் சங்கு, அப்பாவின் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு, அம்மாவின் ஜெபமாலை எல்லாவற்றின் நிழலையும் இப்படிப் பிடித்திருக்கிறேன். நான் யார் என்று அவற்றிடம் கேட்கிறேன் என்பது என் எண்ணம். இதுவரை ஒன்றும் வாய் திறக்கவில்லை.

இந்த முறை வலை. பரம்பரை வலையை அறுத்துக்கொண்டு விடுதலை ஆவதுதான் கரு. சென்னையில் கண்காட்சி ஏற்பாடு செய்யும் அம்மையார் போனிலேயே உருகிவிட்டார். படங்களுக்குப் பக்கத்தில் அறுத்த துண்டுகளையும் தொங்கவிடலாம் என்றார்.

"பழைய வல ஏதும் இருக்கா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"மாடியில கெடக்குலே, எடுத்துட்டுப் போ" என்றாள், பூட்டைத் தேடிக்கொண்டே. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

மாடியில் இரண்டு வலை இருந்தன. ஒன்று உரச்சாக்குக்குள் ஒழுங்காகச் சுருட்டி வைத்தது. இன்னொன்று கைப்பிடிச்சுவரில் அலங்கோலமாக, காய்ந்த நண்டுக்கால்களோடும் நாற்றத்தோடும் கிடந்தது. சாக்கில் பத்திரமாக இருப்பதுதானே நல்ல வலையாக இருக்கும்? மற்றதை அள்ளினேன். மிதவை, ஈயக்குண்டு எல்லாமே அதில் அப்படியே இருந்தன. கழிசல் வலையோடு இவ்வளவும் இனாமா என்று பூரித்துப்போனேன்.

வலையைக் கழித்தால், அடுத்த வலைக்கு ஆகும் என்று மிதவையையும் ஈயத்தையும் முதலில் கழற்றிவிடுவார்கள். எங்கள் தெருவில் இது தெரியாதவன் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மச்சான் என் மாடிக்கு வந்தார். பன்னிரண்டு நீலத் துணிகள் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு சுற்றுப் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். அவர் குனிந்து, தரையில் கிடந்த துண்டிலிருந்த ஈயக்குண்டைத் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் அவர் பல்லால் கடித்து இறுக்கிய தடம் இருந்தது.

"மாப்ள, இத எங்கன எடுத்தீரு?"

"ஒங்க மாடியிலதான் மச்சான்."

"சாக்குலயா?"

"இல்ல, செவுத்துல."

ஈயக்குண்டைக் கீழே வைத்தார். பிறகு, "திங்கக்கெழம என்னத்தக் கொண்டு போவேன்?" என்றார். சாக்கில் இருந்தது பாறையில் மாட்டிக் கந்தலானது. மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். நண்டு நன்றாகப் படுகிற நேரம். புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். வாங்கி, கயிறு கோத்து, ஈயம் கட்டி முடிக்க ஒரு வாரமாகும், அதற்குள் நண்டு போய்விடும் என்றார்.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "அறுக்கதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டா என்னலே? விடுதலையாம்லா! இங்க நாங்க எத வச்சிச் சோறு பொங்க?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் துண்டுகளைக் கொண்டுவந்துவிடுவதாகச் சத்தியம் செய்தேன். சென்னை அம்மையாரிடம் படங்கள் மட்டும்தான் வரும் என்று சொன்னேன். சரி என்றவர், நான் முன்பே போட்டோ அனுப்பியிருந்த ஒரு துண்டை மட்டும் விடவில்லை. ரசாயனம் சிந்தி ஒரு மூலை நீலமாகிப்போன துண்டு அது. அது இல்லாவிட்டால் நடுச்சுவரே செத்துவிடுமாம். பன்னிரண்டில் ஒன்று, கடலோ பெரிது, நண்டு எண்ணிப் பார்க்கப்போகிறதா என்று யோசித்தேன். அந்தத் துண்டைத் தோள்பைக்குள் திணித்துக்கொண்டு போனேன்.

அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து கோத்தோம். கண்ணியோடு கண்ணி சேர்த்து, கயிற்றோடு கயிறு முடிந்து, மச்சான் கை மெஷின் மாதிரி ஓடியது. நான் வலை ஊசியைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்து அக்கா உள்ளே போய்விட்டாள்.

"மாப்ள, இது என்ன முடிச்சு?"

"ஏன் மச்சான், இறுக்கமாத்தான இருக்கு?"

"இதப் பாத்தா நண்டு சிரிச்சே செத்துரும். நல்லதுதான், வலைக்கு வேல இல்ல."

நான் போட்டதை எல்லாம் பிரித்து மறுபடி போட்டார். மத்தியானச் சோறு தின்னும்போதும் நான் தோள்பையைக் கழற்றவில்லை. அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கலைஞர்கள் அப்படித்தான் என்று நினைத்திருப்பாள்.

வெயில் தாழ்ந்ததும் வலையைத் தெருவில் நீட்டி இழுத்தார். எப்போதும் அப்படித்தான் சரிபார்ப்பார்: ஒரு முனை தெருக்கோடியில் சிலுவை நிற்கும் குருசடிப் படியில், மறு முனை எதிர்வீட்டு வேப்பமரத்தில். இன்றைக்கு மரத்துக்கு இரண்டு பாக தூரம் இருக்கும்போதே வலை தீர்ந்துபோயிற்று. பாகம் என்பது ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த அளவு. என் துணியின் நீளமும் சரியாக இரண்டு பாகம்; துண்டுகளை அந்த அளவுக்குத்தான் வெட்டியிருந்தேன்.

மச்சான் மரத்தைப் பார்த்தார். வலை முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெயில்ல சுருங்கியிருக்கும் மச்சான்" என்றேன். "நைலான்லா."

"பையத் தொறயும்."