கண்டாக்கு மாற்றிய மாப்பிள்ளை

என் தங்கச்சி நாகலெட்சுமியின் புருஷன் ஆண்டியப்பன் ஹட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது காலில் சப்பாத்து, தோளில் தகரப்பெட்டி, சட்டைப்பையில் ஒரு சிவப்பு அட்டை. சப்பாத்து எங்கள் தோட்டத்துச் சேற்றில் அன்றைக்கே உயிரை விட்டது. தகரப்பெட்டி என் ஒற்றையறைக் காம்பராவில் பாதியை அடைத்துக்கொண்டது. அந்த அட்டை பண்ணிய கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மாப்பிள்ளை கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். மீசை முளைக்குமுன் கொழும்புக்கு ஓடிப்போய், ஒரு பட்டறையில் கரண்டு வேலை பழகினார். அங்கேயே தொழிலாளர் சங்கத்திலும் சேர்ந்தார். தையில் கல்யாணம் ஆகி, தங்கச்சி இங்கே கொழுந்து பறிக்க, அவர் அங்கே கம்பி இழுக்க, ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்பதாம் வருஷம் பட்டறையில் வேலைநிறுத்தம் நடந்தது. முன்வரிசையில் நின்று சத்தம் போட்டவர்களை முதலாளி முதலில் விரட்டினான். மாப்பிள்ளை எந்த வரிசையில் நின்றிருப்பார் என்று சொல்ல வேண்டுமா?

வந்த அன்றைக்கு மழை. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் வழியில் திடீரென்று "ஐயோ, அட்டை! அட்டை!" என்று குதித்தார். தங்கச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சட்டைப்பையிலதான் இருக்கு, நனையல" என்றாள். பிறகுதான் அவர் முழங்காலில் இரத்தம் வழிவதைப் பார்த்து, ஓடிப்போய் உப்புக் கொண்டுவந்தாள். பாவம், அவளைக் குற்றம் சொல்லக் கூடாது. ஸ்டேஷனிலிருந்து அதுவரை மனுஷன் அந்தச் சங்க அட்டையைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

என் காம்பராவில் நான், என் பெண்சாதி அம்மாக்கண்ணு, பிள்ளைகள், தங்கச்சி. இப்போது மாப்பிள்ளையும் தகரப்பெட்டியும். இடம்கூடப் பெரிய காரியமில்லை. தோட்டத்தில் பேர் பதியாத ஆள் லயத்தில் தங்கக் கூடாது என்பது சட்டம். தங்கினால் அத்துமீறி நுழைந்தவன் என்று பொலிசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தால் பேர் பதியும், அவர்களுக்கென்று ஒரு காம்பரா கிடைக்கும். கிடைக்காவிட்டால் அவர் ரயிலேற வேண்டும், தங்கச்சி மறுபடியும் தனியாகக் கூடையைத் தூக்க வேண்டும். அவள் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவள் வைத்த குழம்பில் ஒரு நாளும் உப்புச் சரியாக இருந்ததில்லை.

வேலை இல்லாமலும் இல்லை. கொழுந்தைத் தூளாக்குகிற எங்கள் தேயிலை ஸ்டோரில் தண்ணீர் விழும் வேகத்தில் ஓடுகிற டைனமோ ஒன்று உண்டு. ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் அதுதான் வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். ஆனால் யார் பேரைப் பதிவது, யார் பேரை வெட்டுவது என்பதெல்லாம் கண்டாக்கையா சொல்கிறபடிதான்.

தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்டாக்கு என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் இல்லை. துரைக்குக் கீழே, எங்களுக்கெல்லாம் மேலே, மலையைக் கட்டி மேய்க்கிற உத்தியோகத்தர். எங்கள் கண்டாக்கையாவின் பெயர் சண்முகராஜா. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவர் போடும் சத்தத்துக்கு அடுத்த மலையில் ஆள் விழித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"வேல தெரியுமாடா?"

"கொழும்புல பத்து ஊருக்கு வெளக்கு வச்ச கைங்க இது."

"சங்கத்துல இருக்கியாமே?"

வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாதா? அந்தக் கேள்விக்காகவே மலையேறி வந்தவர்போல மாப்பிள்ளை அட்டையை எடுத்து நீட்டினார். கண்டாக்கையா அதைத் தொடவில்லை.

"இத அடுப்புல போட்டுட்டு வா. பேரு பதிய தொரைகிட்ட சொல்றேன். இல்லாட்டி சம்பள நாளைக்குப் பொறகு உன்ன லயத்துல பாக்கக் கூடாது."

"அடுப்புல போடுறதுக்கு வெறகு இருக்குங்க" என்றார் மாப்பிள்ளை. எனக்கு அவரை அங்கேயே சாத்த வேண்டும்போல் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "அட்டையத்தான் கட்டிக்கிட்டு இருக்கணும்னா என்னைய எதுக்குக் கட்டுனீங்க?"

மாப்பிள்ளை வழக்கம்போல வீரம் பேசவில்லை. "கம்பத்துலருந்து விழுந்து காலொடிஞ்சு கெடந்தேன் புள்ள. மொதலாளி எட்டிப் பாக்கல. சங்கத்து ஆளுங்கதான் மொறை வச்சு சோறு கொண்டாந்தாங்க. அதப் போய் அடுப்புல போடச் சொல்றியே" என்றார். தங்கச்சி அவர் தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள். ஆனாலும் காம்பரா காம்பராதானே, இரவு அந்தத் தகரப்பெட்டியில் மறுபடியும் என் கால்தான் இடித்தது.

இப்படி இருக்கும்போது, துரை விருந்தாளிகளோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் பங்களா விளக்கெல்லாம் பொசுக்கென்று அணைந்தது. மறுநாள் விடிந்ததும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா மாப்பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினார். கோளாறை மட்டும் பார்த்துச் சொல்லட்டும், பேர் பதிகிற பேச்சு வேண்டாம் என்று ஏற்பாடு. ஏணி பிடிக்க நான் போனேன். ஸ்டோரிலிருந்து பங்களாவரை கம்பியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை இறங்கினார். ஸ்டோர் வாசலில் துரையே வந்து நின்றார். உள்ளே தூள் சலிக்கிற பெண்கள் சல்லடையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

கொழும்புப் பட்டறையில் கரண்டு ஓடும் கம்பிக்கும் கண்டாக்கு என்றுதான் பெயராம். இது எனக்கோ அந்தப் பெண்களுக்கோ அப்போது தெரியாது. சின்ன வயதிலேயே விட்டுப்போன தோட்டத்துப் பேச்செல்லாம் மறந்துபோன மாப்பிள்ளைக்கோ வந்த நாளாக மலையில் எல்லோரும் 'ஐயா, ஐயா' என்று சொல்லக் கேட்டதுதான் காதில் நின்றதே ஒழிய, அந்த ஐயாவின் உத்தியோகப் பெயர் மனதில் பதியவில்லை.

"கண்டாக்கு உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சுங்க தொரை. வெளியிலதான் மினுக்குது" என்றார். "தொட்டா ஆளத் தூக்கி எறியுது. வர்றதுல பாதிய நடுவழியிலேயே தின்னுபுடுது."

துரையிடம் நேராகவா இதைச் சொல்வது? அதுவும் உண்மையை!

"ரிப்பேர் பண்ண ஏலாதா?" என்றார் துரை.

"ஏலாதுங்க. கழட்டி எறிஞ்சிட்டு வேற கண்டாக்கு போடணும். எங்க சங்கத்துக்குத் தந்தி குடுத்தா, நல்லதாப் பாத்து ரயில்ல ஏத்திவிடுவாங்க."

சங்கம் என்பதைத் துரை ஏதோ சாமான் கடை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "நல்லது. சீக்கிரம் மாத்து. இந்தக் கண்டாக்கு எனக்கு ரொம்ப நாள் கரைச்சல்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சல்லடைக்காரி வேலாயி தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே போனாள். அவள் தண்ணீர் குடித்தாளோ இல்லையோ, கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சங்கத்து ஆள் துரையிடம் சொல்லிக் கண்டாக்கையாவைக் கழற்றி எறியப்போகிறான், புதுக் கண்டாக்கு ரயிலில் வருகிறார். கண்டாக்கையாவின் பெண்சாதி மனோரஞ்சிதம் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுததைத் அவர் வீட்டுத் தோட்டக்காரன் தன் கண்ணாலேயே பார்த்தானாம்.

மறுநாள் பெரட்டில் கண்டாக்கையா சத்தம் போடவில்லை. பிந்தி வந்த கிழவியை "மெதுவா வா ஆத்தா" என்றார். அவள் பயந்துபோய் ஓட்டமெடுத்தாள்.

சாயங்காலம் அவரே எங்கள் லயத்துக்கு வந்தார். கையில் தன் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த நோக்கோல் காய் ஒரு கட்டு. அவர் லயத்துக் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. தகரப்பெட்டியில் உட்காரவைத்தோம். அது ஒரு வேலைக்காவது ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். தங்கச்சி தேத்தண்ணி கொடுத்தாள். வாங்கிப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை.

"தம்பி, அந்தக் கண்டாக்கு விசயம்..."

"கவலப்படாதீங்க ஐயா" என்றார் மாப்பிள்ளை உற்சாகமாக. "புதுசு வந்துக்கிட்டே இருக்கு. பழசையும் வீசிற மாட்டோம். கோழிக்கூடு கட்ட ஆகும்."

கண்டாக்கையா நோக்கோல் கட்டை மாப்பிள்ளை பக்கம் தள்ளினார். "எனக்கு மூணு பொம்பளப்புள்ளைங்க, தம்பி."

"கண்டாக்குக்கும் பொம்பளப்புள்ளைக்கும் என்னங்க சம்பந்தம்?"

நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. கொழும்புக் கண்டாக்கும் தோட்டத்துக் கண்டாக்கும் அவள் மனதில் அந்த நிமிஷம் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்தினாள். புருஷன் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் ஒரு ரொட்டித் துண்டை அவர் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஐயா, இவரு பேரு பதிஞ்சு இங்கேயே இருந்தாருன்னா எல்லாத்தையும் பதமாப் பாத்துக்குவாரு. ஐயாவுக்கு ஒரு கொறையும் வராது."

"பதிஞ்சிருவோம், நாளைக்கே பதிஞ்சிருவோம்."

"அந்த அட்டை..."

"இருக்கட்டும் தாயி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சொன்னபடி மறுநாளே பேர் பதிந்தது. துரை கையெழுத்தும் விழுந்தது. எங்கள் பக்கத்துக் காம்பராவே அவர்களுக்குக் கிடைத்தது. தகரப்பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய் வைத்தேன்.

ரயில் வருகிற அன்று, புதிதாக வருகிறவரின் முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று கண்டாக்கையா கோட்டுப் போட்டுக்கொண்டு ஹட்டனுக்குப் போனார். கம்பியை எடுக்கப் போன மாப்பிள்ளையும் நானும் அங்கே நின்றோம். சாமான் பெட்டியிலிருந்து போர்ட்டர் பெரிய கம்பிச்சுருள் ஒன்றை உருட்டிவிட்டான். "வந்துருச்சுங்க புதுக் கண்டாக்கு!" என்று மாப்பிள்ளை அதைத் தட்டிக் கொடுத்தார். கண்டாக்கையா அந்தச் சுருளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், திரும்பி நடந்தார்.

தங்கச்சி எனக்குச் சொல்லியிருந்த விஷயத்தை அப்போதுதான் மாப்பிள்ளைக்குச் சொன்னேன். "தொலைஞ்சோம் மச்சான்" என்றார்.

இருட்டுகிற நேரம் கண்டாக்கையா மாப்பிள்ளையின் புதுக் காம்பராவுக்கு வந்தார். கையில் பிரம்பு இருக்குமென்று எதிர்பார்த்தோம். வெறுங்கைதான். அதே தகரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

"கம்பின்னு இப்பத் தெரிஞ்சிருச்சு" என்றார். "ஆனா தெரியாம இருந்த நாளெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். நாளைக்கே தொரை என்னையக் கழட்டி எறிஞ்சா, ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. எனக்கு மொறை வச்சு சோறு கொண்டார யாரு இருக்கா?"

மாப்பிள்ளையின் கதை அவர் காதுவரை போயிருக்கிறது. வேலாயி வேலைதான்.

தங்கச்சி தேத்தண்ணியை நீட்டினாள். கண்டாக்கையா வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்த அட்டையில... எங்க உத்தியோக ஆளுங்களுக்கும் ஒண்ணு குடுப்பாங்களா?"