இருட்டறையில் ஆரஞ்சு வெளிச்சம்

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் டாக்டராக இருந்தேன். பிரசவ வார்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து, புதிதாக வந்த நுண்ணோக்கியை அங்கே வைத்திருந்தோம். அதில் எரிவது சாதாரண பல்பு அல்ல, பாதரச விளக்கு. கருப்பையின் வாயிலிருந்து மரக்குச்சியால் வழித்தெடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயத்தில் முக்கி, அந்த விளக்கின் நீல ஒளியில் பார்ப்போம். நல்ல செல்கள் மங்கிய பச்சையாகத் தெரியும். புற்றாக மாறத் தொடங்கியவை தணல் போல ஆரஞ்சாக ஒளிரும். வெறும் புண் இருந்தாலும் சில நேரம் அப்படித் தெரியும் என்பதால், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு மருத்துவ முகாமில்தான் அவளைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். தோட்டம், கிணறு உள்ள வீடு. கணவர் சொந்த லாரி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே பெண் குழந்தை. அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வெள்ளைப்படுதலுக்காக வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக வந்தவள். வந்ததுதான் வந்தாய், நீயும் பார்த்துக்கொள் என்று நர்ஸ் படுக்க வைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எல்லாம் பச்சை. இவளுடையது கொத்துக் கொத்தாக எரிந்தது. சேலத்துக்கு வரவழைத்து எடுத்த சதைத் துணுக்கும் அதையே சொன்னது: புற்று இன்னும் உள்ளே இறங்கவில்லை, ஆனால் இறங்கும்.

நோவே இல்லாத ஒருத்தியிடம் இதை எப்படிச் சொல்வது? இருட்டறைக்கே கூட்டிப்போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இது என்றதுங்களா?"

"உன்னதுதான்."

"அழகாத்தான் இருக்குதுங்க," என்றாள். பிறகு மெதுவாக, "இதுவா என்னையக் கொல்லப் போகுது?"

கருப்பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாய் என்றேன். அதன் வாயை மட்டும் வெட்டியெடுத்து, விடாமல் பரிசோதித்து வரும் முறையும் உண்டு. ஆனால் ஊருக்குப் போன பெண்கள் திரும்பி வருவதில்லை என்பது எங்கள் அறுவை மருத்துவரின் அனுபவம். முழுதாக எடுத்துவிடுவதுதான் அவருக்கு வழக்கம்.

அடுத்த வாரம் கணவரும் மாமியாரும் வந்தார்கள். அவர் லோடு இறக்கிய கையோடு, காக்கிச் சட்டையில் டீசல் வாசத்துடன் வந்திருந்தார்.

"ஏனுங் டாக்டரம்மா, இது எங்கிருந்து வந்துதுங்க?"

இன்னதென்று தெரியாது, ஆண்கள் வழியாக வரலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள் என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. மாமியார் முந்திக்கொண்டார்.

"என்ற பையனுக்கு ஒரு சீக்கும் கெடையாதுங்க. இவளுக்குத்தான் எங்கிருந்தோ ஒட்டியிருக்குது. ஆம்பளப் பையன் ஒண்ணு பொறக்காம வயித்த எடுத்துட்டா எங்க ஊட்டுக்கு ஆரு இருக்கறாங்க?"

அவள் சுவரோரமாக நின்றிருந்தாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. மூவரும் லாரி ஏறிப் போனார்கள். இனி வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

வந்தாள். எடப்பாடியிலிருந்து அவளுடைய அப்பா கூட்டிவந்தார். விசைத்தறி வைத்திருந்த மனிதர், பஞ்சுத் துகள் ஒட்டிய தலையுடன் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "புள்ள உசுரோட இருந்தாப் போதுஞ் சாமி," என்றார். அறுவைக்குச் சம்மதக் கையெழுத்தை அவரே போட்டார். அறுவை நல்லபடியாக முடிந்தது. எடுத்த கருப்பையை நானே வெட்டிப் பார்த்தேன். புற்று எங்கும் உள்ளே இறங்கியிருக்கவில்லை. இதைவிடச் சரியாக ஒரு நோயைப் பிடிக்க முடியாது என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

கணவர் வார்டுக்கு ஒருநாளும் வரவில்லை. வருடம் திரும்புவதற்குள் அவருக்கு வேறு கல்யாணம் ஆகிவிட்டது. மகளை மாமியார் வைத்துக்கொண்டார். இவள் அப்பா வீட்டில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் வருவாள்.

"நல்லா இருக்கறேன்னு நீங்க சொல்றீங்க. சரிங்க," என்பாள். "என்ற புள்ள என்னையக் கண்டா அவ அப்பத்தா பொறத்தால போயி ஒளிஞ்சுக்குதுங்க. ஒட்டிக்கும்னு சொல்லி வெச்சிருக்கறாங்க."

ஒட்டாது என்று ஊரில் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

சில வருடங்கள் கழித்து, பரிசோதனை நாள் அல்லாத ஒரு நாளில் வந்தாள். கூடவே ஒரு சின்னப் பெண், இருபதைத் தாண்டியிருக்க மாட்டாள். இடுப்பில் ஆண் குழந்தை. யார் என்று கேட்டேன்.

"அவுங்க ரெண்டாவதாக் கட்டிக்கிட்ட புள்ளைங்க இது. சந்தைக்குப் போறம்னு சொல்லிட்டு வந்திருக்குதுங்க. இவளையும் ஒருக்கா பாத்துருங்க."

இவளை எதற்கு என்றேன். சின்னவள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அதே மனுசன்தானுங்களே, டாக்டரம்மா."

சின்னவளை உள்ளே அனுப்பிவிட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். அது முதலில் அழுதது. பிறகு அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. அவள் விலக்கவில்லை.

சாயம் ஏற்றிப் பார்த்தேன். விளக்கு பழசாகி ஒளி நடுங்கியது. கண்ணாடித் துண்டின் ஒரு ஓரம்கூட விடாமல் பார்த்தேன். எல்லாம் பச்சைதான். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடா வருடம் வரவேண்டும் என்றேன்.

"அடுத்த வருசமும் நாங் கூட்டிட்டு வாரேன்," என்றாள் பெரியவள்.

வரவில்லை. ஊருக்குத் தெரிந்து பெரிய சண்டையாகிவிட்டது என்று, தன் பரிசோதனைக்கு வந்தபோது பெரியவள் சொன்னாள். சின்னவளை அதற்குப் பின் அந்த வீட்டார் எங்கள் வாசலுக்கே விடவில்லை.