மூன்றாவது இலை

பினாங்கில் நான் இஸ்திரி போட்ட காலத்தில், சலவைக் கடையின் மேல்மாடியில் பன்னிரண்டு பேர் ஒன்றாகத் தங்கிப் பொதுச் சமையல் செய்து சாப்பிட்டோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனோடு பந்தியில் உட்காரப் பிடிக்கவில்லை என்றால் வாயால் சொல்ல மாட்டோம். சோறு விழுமுன் இலையை மடித்துவிடுவோம். எல்லோரும் மடித்துவிட்டால் அவன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

என் பக்கத்து மேசைக்காரனின் முன்கையில் வெளுத்த தழும்பு ஒன்று இருந்தது. அது குஷ்டம், பெருவியாதி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இந்தப் பேச்சோடு வெளியே போனால் எந்தச் சலவைக் கடையும் அவனைச் சேர்க்காது. அவன் தொட்ட துணியை யார் உடுத்துவார்கள்?

அது தீக்காயம். சுட்டவன் நான். கரி கனன்ற இஸ்திரிப் பெட்டியை அவசரத்தில் திருப்பி அவன் கைமேல் வைத்துவிட்டேன். "முதலாளி ஏசுவாரு. யாருகிட்டயும் சொல்லாத லா" என்று பினாங்குப் பேச்சில் சொல்லி, காயம் ஆறும்வரை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து, அவன்தான் என்னைக் காப்பாற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இலை போட்டாயிற்று. எங்களில் மூத்தவர் அவனிடம், "கையக் காட்டு தம்பி" என்றார்.

"பெட்டி சுட்டது அண்ணே. சத்தியமா."

"யாரு பார்த்தா?"

அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

மூத்தவர் இலையை மடித்தார். அவருக்கு அடுத்திருந்த சமையல்காரர் மடித்தார். அடுத்தது நான். உண்மையைச் சொன்னால் நாலு ஏச்சு விழும், அதற்குமேல் என்ன? ஆனால் அத்தனை பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கையில் அது பெரிய மலையாகத் தெரிந்தது. கை தானாக மடித்துவிட்டது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தாங்கொள்ளிப் பயல், நான்தான் மடித்தேன்.

பிறகு மற்ற இலைகளும் சரசரவென்று மடிந்தன. அவன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் அந்த மூத்தவரையும் சமையல்காரரையும் மனசுக்குள் திட்டாத நாளில்லை. சில மாதங்கள் கழித்து, துணி பிழியும்போது எங்களில் ஒருவன் மெல்லச் சொன்னான்:

"எனக்கு மடிக்க மனசே இல்ல அண்ணே. ஆனா அவன் பக்கத்துலயே நின்னு வேல செஞ்சவரு நீங்க. நீங்களே மடிச்சிட்டீங்க. அப்ப நெசமாத்தான் இருக்கும்னு நானும் மடிச்சேன்."

எனக்கு முன்னால் மடித்த இருவரையே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் எட்டுப் பேர் இருந்தார்கள்.