டேங்கர் தண்ணீரை மிச்சம் பிடித்தோம்

என் கணவரும் கொழுந்தனார் ஜார்ஜும் சேர்ந்து வாங்கிய பழைய ஃபைபர் படகு எங்கள் வீட்டு வாசலில்தான் கிடக்கும். அதன் விளிம்பைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை வெடித்துப்போனதால், போன கோடையில் அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். பழைய ஸ்குரூ ஓட்டைகள் பொருந்தவில்லை என்று பக்கத்திலேயே புது ஓட்டை போட்டு முடுக்கினார்கள்.

ஒழுகுகிறதா என்று பார்க்கப் படகுக்குள் தண்ணீர் ஊற்றினோம். கணுக்கால் அளவு வந்ததும், "போதும், டேங்கர் தண்ணிங்க!" என்று நான்தான் நிறுத்தினேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து, ஆனேக்கல் பக்கம் ஓர் ஏரிக்குப் போனோம். நடு ஏரியில் தூண்டிலில் பெரிய மீன் மாட்ட, ஜார்ஜ் என் பக்கம் தாவினார். படகு சாய்ந்தது. பட்டைக்கு அடியிலிருந்து வரிசையாகத் தண்ணீர் உள்ளே பீய்ச்சியடித்தது. எனக்கு நீச்சல் தெரியாது.

"ஏங்க, தண்ணி ஏறுது!"

அள்ளிக் கொட்டுவதற்காக என் கணவரும் இந்தப் பக்கமே வந்தார். படகு இன்னும் சாய்ந்தது.

"ரெண்டு பேரும் நடுவுல ஒக்காருங்க! அசையாதீங்க!" என்று கத்தினேன்.

உட்கார்ந்தார்கள். படகு நிமிர்ந்ததும் தண்ணீர் சட்டென்று நின்றது. மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி கரை சேர்ந்தோம்.

வீட்டில் பட்டையைப் பிரித்தால், பழைய ஓட்டைகள் அத்தனையும் அடைக்காமல் திறந்தே கிடந்தன. நாங்கள் ஊற்றிய தண்ணீர் அந்த உயரத்தைத் தொடவே இல்லை.

இப்போது ஒவ்வோர் ஓட்டையையும் அடைத்த பிறகுதான் பட்டை ஏறுகிறது. சோதிக்கும்போது விளிம்பு வழியும்வரை ஊற்றுகிறோம். குடத்தோடு டேங்கருக்குக் காத்திருக்கும் அக்கம்பக்கத்தார் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். நான் இன்னொரு பக்கெட் ஊற்றுகிறேன்.

– ஸ்டெல்லா, ஆஸ்டின் டவுன், பெங்களூரு