அடுப்படிக்கு வந்த மேல்காற்று

ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, புகை போகிற பக்கமெல்லாம் தானும் போவார் ரொனால்டு. திண்டுக்கல்லில் வீடு கட்டித்தரும் இன்ஜினியர். கழுத்தில் ஜெபமாலையும் கையில் ஊதுபத்தியுமாக என் காலிமனையை அவர் சுற்றிவந்ததைப் பார்த்து, "இது எந்தக் கோயில் பூசைங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "காத்துக்குத்தேன்" என்றார், நிமிராமலே.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஃபேனை நிறுத்துவார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் நிறுத்தினாராம். "பொண்ணு வேர்த்து விறுவிறுத்து வந்துச்சுண்ணே. இன்னமும் சொல்லிக் காட்டுது" என்று அவரே சிரிப்பார்.

"காத்து உள்ள வந்தா மட்டும் பத்தாதுண்ணே, வெளிய போகவும் வழி விடணும். அம்புட்டுத்தேன் வித்தை." அடுப்படியின் மேற்குச் சுவரில் துளைக்கல் அடுக்கி ஜாலி வைத்தார். சமைக்கிறவர்கள் வேர்க்காமல் நிற்க வேண்டுமாம். அந்த ஜாலிக்கு ஒரு கதவு கேட்டேன். "கதவு இருந்தா சாத்திருவீங்க" என்றார். ஃபேன் கடை நடத்திப் பிழைக்கிற நான் இதற்கெல்லாம் மண்டையை ஆட்டினேன் பாருங்கள், என்னை என்ன சொல்ல.

ஆவணியில் பால் காய்ச்சினோம். ஆடி முடிந்தும் காற்று அடங்கவில்லை. கன்னிவாடி மலைப்பக்கமிருந்து வந்து, ரொனால்டு சொன்னபடியே ஜாலியில் புகுந்து வாசல் வழியாக வெளியேறியது. போகிற போக்கில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுப் போனது. என் மாமியார் சிவனம்மாள் மறுபடி பற்றவைத்தார். மறுபடியும் அணைந்தது. மறைப்புக்குப் பிடித்த போர்வை என் தலையில் வந்து விழுந்தது.

"ஏம்ப்பா, ஃபேன் கடைக்காரனுக்கு இம்புட்டுக் காத்து எதுக்கு?" என்றார் ஒரு பங்காளி. எல்லோரும் சிரித்தார்கள். சிவனம்மாள் சிரிக்கவில்லை. "நல்ல நேரம் முடியப் போகுது. பால் பொங்காத வீட்டுல எம்மக எப்படிக் குடியிருப்பா?" என்று கண்கலங்கினார். சாஸ்திரமாவது ஒன்றாவது என்று பேசித் திரிகிற நானும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அடுப்ப மறந்துட்டேன்ணே" என்றார் ரொனால்டு. வீட்டில் அவர் வெந்நீர்கூட வைத்ததில்லையாம்.

ஒரு துளையை அடைக்கவும் சம்மதிக்காத மனிதர், விசேஷத்துக்குப் போட்டுவந்த பட்டுச்சட்டையோடு போய் ஜாலியில் முதுகை ஒட்டி, கைகளை விரித்து நின்றுகொண்டார். அடுப்பு நின்று எரிந்தது. அவர் முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. பால் பொங்கி வழிகிறவரை வேர்வையைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.