ஏட்டி என்று தட்டினால்

கரண்டு போனால்தான் யோகலட்சுமிக்குச் சாயங்காலம் என்று ஒன்று உண்டு. மற்ற நாளெல்லாம் மத்தியானம் முடிந்தால் நேரே ராத்திரிதான். கோவில்பட்டியில் பத்திர ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் பத்திர எழுத்தர் பூவனநாதனின் கடை. அங்கே கம்ப்யூட்டருக்கு முன்னால் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏழு, ஏழரை ஆகிவிடும். கணவர் கண்ணபிரானுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. ஒரே மகள் பிரித்திகா ஒன்பதாம் வகுப்பு. ஹாக்கி மட்டையைக் கையில் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்குச் சோறு தண்ணி வேண்டாம். மூன்று வருசமாக ஆடுகிறாள். பெற்றவள் ஒரு மேட்ச் பார்த்ததில்லை. மகள் முழங்காலில் இருக்கிற சிராய்ப்பைப் பார்த்துத்தான் அன்றைக்கு மேட்ச் நடந்ததே தெரியும். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள்.

விளாத்திகுளம் பக்கத்துப் பெண் அவள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாசானவள். விரல் பறக்கும். ஆனால் எவ்வளவு பறந்து என்ன செய்ய? பத்திரம் என்பது மூன்று பேர் பெயரையும் நான்கு எல்லையையும் தவிர, மீதியெல்லாம் தாத்தா காலத்து வாசகம். “புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன்” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடிக்க வேண்டும். பழைய பத்திரத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றலாமே என்றால், ஒருமுறை அப்படிச் செய்து யாரோ ஒருவர் புஞ்சை இன்னொருவர் பத்திரத்தில் தங்கிவிட்டது. அன்றிலிருந்து பூவனநாதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஒவ்வொன்றும் புதுசாகத்தான் அடிக்க வேண்டும் என்று.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருசம், ஆடி மாதம். ஆடியில் எவனும் நிலம் வாங்க மாட்டான், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யோகலட்சுமிக்குக் கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய கோபம். அவள் சரியாகத்தான் அடிப்பாள். வரியின் முதல் எழுத்தை அது தானாக மாற்றிவிடும். அதற்குத் தமிழ் எங்கே தெரியும்? உள்ளே எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, மேலே மட்டும் தமிழ்ச் சட்டை. இன்றைக்கு இதை ஒரு கை பார்ப்போம் என்று மெனு மெனுவாகத் திறந்துகொண்டே போனாள். ஓரிடத்தில் ஆட்டோ கரெக்ட் என்று வந்தது. இரண்டு கட்டங்கள். இடது கட்டத்தில் உள்ளதை அடித்தால் வலது கட்டத்தில் உள்ளதாக மாற்றும் என்று புரிய அவளுக்கு ஐந்து நிமிசம் ஆயிற்று.

அடப்பாவி! எனக்குத் தெரியாமல் என் எழுத்தை மாற்றுகிறவன், நான் சொல்கிறபடி மாற்ற மாட்டாயா?

அந்தப் புத்திர பௌத்திரப் பாத்திய வாசகம் ஏழு வரியையும் பிடித்து வலது பக்கம் போட்டாள். இடது பக்கம் ‘சொத்து’ என்று கொடுத்தாள். வெள்ளைத் திரையில் சொத்து என்று அடித்து இடைவெளி தட்டினாள். ஏழு வரியும் சடசடவென்று வந்து விழுந்தது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

“என்னம்மா, தேள் கொட்டிட்டா?” என்றார் பூவனநாதன்.

“அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க! மூணெழுத்து போட்டா ஏழு வரி வருது!”

சந்தோசம் அடுத்த பத்திரம் வரைக்கும்தான். பத்திரத்தில் சொத்து என்ற சொல் வரிக்கு வரி வருமே! அது வந்த இடத்திலெல்லாம் ஏழு வரியும் வந்து குதித்தது. யோகலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் யோசித்தாள். பத்திரத்தில் தப்பித் தவறிக்கூட வராத சொல் வேண்டும். அப்படி எது இருக்கிறது? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் பேசுகிற பேச்சு ஒன்றுகூட முத்திரைத்தாளில் ஏறாதே! வாரேன் என்று தட்டினால் பத்திரம் தொடங்கும்படி வைத்தாள். போறேன் என்று தட்டினால் “என் முழு மனதுடன் சம்மதித்து எழுதிக்கொடுத்த” என்று முடியும். இங்கன என்றால் தாலுகா, மாவட்டம் எல்லாம் வரிசையாக வரும். ஏழு வரிப் பாத்தியத்துக்கு, வீட்டுப் பெண்பிள்ளையை ‘அடியே’ என்று கூப்பிடுகிற ‘ஏட்டி’. எந்தப் பத்திரத்தில் எவன் எவளை ஏட்டி என்று எழுதப் போகிறான்?

ஆவணி பிறந்தது. ஒரு புதன்கிழமை ராத்திரி தோசையைப் பிய்த்துக்கொண்டே பிரித்திகா சொன்னாள், “நாளைக்கு நாலு மணிக்கு ஃபைனல்ம்மா.” அம்மா வாயைத் திறப்பதற்குள் அவளே, “நீ வரமாட்டேன்னு தெரியும். சும்மா சொன்னேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அந்தச் ‘சும்மா’ யோகலட்சுமியை ராத்திரி முழுக்கக் குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கடையில் ஒன்பது பத்திரம் காத்திருந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம், எல்லாம் அன்றைக்கே அடித்தாக வேண்டும்.

“அண்ணாச்சி, நாலு மணிக்குப் போகணும். பிள்ளைக்கு மேட்ச்.”

பூவனநாதன் சிரித்தார். “ஒம்பதையும் முடிச்சிட்டு மூணு மணிக்கே போம்மா, யார் வேண்டாங்கா?” ராத்திரி எட்டாகும் என்று அவருக்கு நிச்சயம்.

யோகலட்சுமி உட்கார்ந்தாள். வாரேன், பெயர், இங்கன, எல்லை, ஏட்டி, போறேன். அடுத்தது. வாரேன், பெயர், இங்கன... பன்னிரண்டு மணிக்குள் நான்கு பத்திரம்! சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக்கூட இல்லை. மூன்று மணிக்கு எட்டு முடிந்தது. பூவனநாதன் ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்தார், ஒரு எழுத்துப் பிசகில்லை. “என்னம்மா, கையில மிசின் கட்டியிருக்கியா?” என்றார்.

அப்போதுதான் முத்துத்தாய் அழுதுகொண்டே வந்து நின்றாள். ஆடு வளர்க்கிறவள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவள் ஆடு பக்கத்து வீட்டுச் சிவனாண்டியின் சோளத்தட்டைப் படப்பில் வாய் வைத்துவிட்டதாம். அவன் தெருவில் வைத்துத் திட்டிவிட்டான். போலீஸ் ஸ்டேஷனுக்கு மனு அடிக்க வேண்டும்.

“ஆட்டை அடிச்சான், போவுது. எம்மவன் வயசுப் பய என்னையப் பாத்து ஏட்டிங்கான், தாயி! அவன் சொன்ன சொல்லை அப்படியே போடு, மாத்தாத!”

யோகலட்சுமி மெய்யாகவே இளகிப்போனாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தாள், திரையைப் பார்க்கவில்லை. பிரிண்ட் வந்த சூட்டோடு இரண்டாக மடித்துக் கொடுத்தாள். ஒன்பதாவது பத்திரத்தையும் முடித்தாள். மணி மூன்று ஐம்பது. ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

வாசலில் முத்துத்தாய், கையில் அதே தாள், கண்ணில் தீ.

“ஏ பிள்ள, என்னத்த எழுதிக் குடுத்த? ஸ்டேஷன்ல வாசிச்சிட்டுச் சிரிக்காவ!”

யோகலட்சுமி வாங்கிப் பார்த்தாள். ‘மேற்படி சிவனாண்டி நடுத்தெருவில் என்னைப் பார்த்து, மேற்படி சொத்தை இன்று முதல் தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று ஏழு வரி ஓடி, ‘என்று கேவலமாகத் திட்டினார்’ என முடிந்திருந்தது.

“இம்புட்டு மரியாதையா எழுதிக் குடுத்திருக்கான், ஒனக்கு என்ன புகாருன்னு கேக்காவ!” என்றாள் முத்துத்தாய்.

பூவனநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யோகலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மணி நான்கு. கைப்பையோடு உட்கார்ந்து ஏழு வரியை அழித்து ஏட்டி என்று அடித்தாள். திரும்பவும் அதே ஏழு வரி வந்து விழுந்தது. அழித்தாள், அடித்தாள், விழுந்தது. அட சனியனே! நான் வைத்த ஆள் எனக்கே அடங்க மாட்டேன் என்கிறானே! சட்டென்று கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினாள். ஏழு வரியும் மாயமாய்ப் போயிற்று. ஏட்டி மட்டும் தனியாக நின்றது.

இந்தத் தடவை வரி வரியாக வாசித்துக் காட்டிக் கொடுத்தாள். “பெரியம்மா, தப்பு எம்மேலதான். எம்மவ மேட்ச்சுக்கு ஓடணும்னு அவசரம்.”

“அதுக்கு ஏன் இன்னும் நிக்க? ஓடு தாயி!” என்று முத்துத்தாயே முதுகைப் பிடித்துத் தள்ளினாள்.

மைதானம் ஊருக்கு அந்தக் கடைசி. ஆட்டோ கிடைக்கவில்லை. ஓடினாள். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றுக்கு ஒன்று, இன்னும் பத்து நிமிசம் பாக்கி. செம்புழுதிக்குள் எல்லாப் பிள்ளையும் ஒன்றுபோல இருந்தார்கள். மூச்சு வாங்க, வெட்கத்தை விட்டுக் கத்தினாள்:

“ஏட்டீ!”

மைதானத்தில் பாதிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எந்த வீட்டில்தான் பெண்ணை அப்படிக் கூப்பிடவில்லை! ஒருத்தி மட்டும் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடினாள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! பிரித்திகா தள்ளிக் கொடுத்த பந்தைத்தான் இன்னொருத்தி கோலுக்குள் அடித்தாள். விசில் ஊதியது. மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடி வந்தவள், கட்டிப்பிடிக்கவில்லை. பயந்தாற்போல முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏம்மா, கடையில கரண்டு போயிட்டா?”

“இல்லட்டி,” என்றாள் யோகலட்சுமி. “கரண்டெல்லாம் இருக்கு.”