சோபியா காத்த நத்தைக் குஞ்சுகள்

போர்ட் பிளேரில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் சோபியா பதினோரு வருஷமாகத் தினக்கூலி. கண்ணாடிக் குப்பி கழுவச் சேர்ந்தவள், கேட்டுக் கேட்டே மைக்ரோஸ்கோப் பழகினாள்.

அந்தமான் கடலடியில் புதிதாக வெந்நீர் பீறிடத் தொடங்கிய பிளவு ஒன்றின் அருகே, விஞ்ஞானி ரூபா இரண்டு வருஷத்துக்கு முன் கல்தகடுகளை இறக்கியிருந்தாள். அங்கே முதலில் யார் குடியேறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இப்போது மேலே எடுத்து வந்த தகட்டில் பாக்டீரியா ஏடு படிந்திருந்தது. அதைத் தின்ன, இருட்டு நீரோட்டத்தில் மாதக்கணக்கில் மிதந்து வந்த நத்தைக் குஞ்சுகள், மணலைவிடச் சிறியவை, நாற்பத்திரண்டு உயிரோடு கிடைத்தன. அவற்றைத் தகட்டோடு குளிர்தொட்டியில் விட்டார்கள்.

"அக்கா, வெந்நீர் பக்கத்துல இருந்தாலும் இதுங்க வாழ்ற ஆழ்கடல் குளிர்தான். ஆறு டிகிரி தாண்டவே கூடாது" என்று சொல்லிவிட்டு ரூபா மறுபடி கப்பலேறினாள்.

மூன்றாம் நாள் காலை புயல்மழையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. போன் டவரும் செத்தது. தொட்டியில் ஒன்பது டிகிரி. சோபியா ஐஸ் தேடி நனைந்தபடி ஜங்லிகாட் மீன்பிடித் துறைக்கு ஓடினாள்.

"பரஃப் கதம், ஐஸ் தீந்துபோச்சு. பிஜிலி இல்லாம ஃபேக்டரி எப்படி ஓடும்?" என்றான் ஐஸ்காரன்.

அவள் அண்ணன் ஜெபராஜின் படகில் சூரை மீனுக்குப் போட்ட ஐஸ் கொஞ்சம் இருந்தது. அதைக் கேட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கண்ணுக்குத் தெரியாத தூசிக்கா இப்பிடி அழுதுகிட்டு நிக்க?"

"தூசியில்லண்ணே. எவ்வளவு தூரம் வந்ததுங்க தெரியுமா?"

ஜெபராஜ் பாதி ஐஸை அள்ளிக் கொடுத்தான்.

மதியத்துக்குள் அதுவும் கரைந்தது. டார்ச் வெளிச்சத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கப் பார்க்கக் குஞ்சுகள் ஒவ்வொன்றாக அசைவு நின்றன. செத்தவை சற்று நேரத்தில் கரைந்தே போயின. மிச்சம் பதினொன்று. அதில் ஒன்று மெல்லக் கால் நீட்டி, குடியேறுவதுபோல் தகட்டில் ஒட்டியது. இப்போதே ஸ்பிரிட் ஊற்றினால் உயிர் போனாலும் கரையாமல் உடலாவது மிஞ்சும். காத்திருந்தால் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். கேட்க ஆளில்லை. "மாதாவே" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

நாற்பது நிமிஷத்தில் கரண்ட் வந்தது.

ஐந்தாம் நாள் கரை திரும்பிய ரூபா, ஒட்டிய குஞ்சை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். "நீங்க ஊத்தலன்னா இதுவும் இருந்திருக்காது அக்கா."

"நாப்பது நிமிஷம் பொறுத்திருந்தா?"

"தெரியலக்கா."

மறுபடி தகடு எடுக்க அடுத்த கப்பல் எப்போது என்று சோபியா கேட்டாள். அதுவும் ரூபாவுக்குத் தெரியவில்லை.